எடுத்தாச்சு

கார்த்திக்கு,

பையின் அடியில் கையை விட்டுத் துழாவியிருப்பாய். சிவப்புத் துண்டு இருக்கிறது. துண்டுக்குள் சுற்றி வைத்திருந்த கத்தி இல்லை, அதற்குப் பதில் இந்தக் காகிதங்கள் இருக்கின்றன. ஆஸ்பத்திரிக் காவலாளி எடுத்தானா, பக்கத்து நாற்காலிக்காரன் எடுத்தானா என்று எவன் சட்டையையும் பிடித்துவிடாதே. நான்தான் எடுத்தேன். நீ குளிக்கப் போயிருந்தபோது என் மாத்திரைப் பட்டையைத் தேடி உன் பையைத் திறந்தேன், கையில் கத்தி தட்டுப்பட்டது. இளநீர் சீவுகிற கத்தி. கிரிவலப் பாதையில் இளநீர் விற்கிற உன் சிநேகிதனிடம் வாங்கியிருக்கிறாய், அந்த வளைவைப் பார்த்தாலே தெரிகிறது. விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தேன். புதிதாகச் சாணை பிடித்திருந்தாய். ஒரு மனிதன் கழுத்தை நினைத்துத் தீட்டிய கத்தி என் வீட்டில், என் துண்டில், நான் படுக்கிற கட்டிலுக்குக் கீழே கிடந்திருக்கிறது. நீ ஈரத்தலையோடு வெளியே வந்ததும் அந்தக் கத்திப் பிடியாலேயே நாலு சாத்து சாத்த வேண்டும் என்று எனக்குக் கை துடித்தது. கையைத் தூக்கினால் நெஞ்சில் குத்துகிறது, அதனால் தப்பித்தாய்.

உன் அம்மாவிடம் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத்த வச்சிகினு இன்னா பண்ணப் போறான் இவன்? இளநி கடை போடப் போறானா?" என்றாள். அப்புறம் உட்கார்ந்து அழுதாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதைச் சமையலறைக்குக் கொண்டுபோய்விட்டாள். நாளைக் காலை நாம் சென்னைக்குக் கிளம்புமுன் அதில்தான் தேங்காய் உடைத்துச் சட்னி அரைக்கப் போகிறாளாம். நீ இதைப் படிக்கும்போது அந்தச் சட்னியைத் தொட்டு ஆறேழு இட்லி உள்ளே தள்ளியிருப்பாய். உன் கத்தி உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

நீ கார் பேசப் போயிருக்கிறாய். நான் நம் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆனால் நீ படிக்கப்போகும் இடம் எனக்குத் தெரியும். சென்னையில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் அறைக்கு வெளியே, மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். உள்ளே என் கழுத்து ரத்தக்குழாய் வழியாகக் கம்பியை விட்டு, வயிற்றில் கிடக்கிற இன்னொரு கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பார்கள். வரவில்லை என்றால் வயிற்றைக் கிழிப்பார்கள். அந்தக் கம்பியில் ஒடிந்த ஒரு துண்டு இதயத்துக்குள் போய்க் குத்திக்கொண்டு நிற்கிறது. அதுவும் லேசில் வரவில்லை என்றால் நெஞ்சுக்கூட்டைப் பிளப்பார்கள். இதையெல்லாம் கையெழுத்து வாங்கும்போதே அவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் உன் பையில் இருந்ததைப் பார்த்தபோது வந்த பயம் இதைவிட ஜாஸ்தி.

"அப்பாவுக்கு எதுனா ஒண்ணு ஆவட்டும், அந்த டாக்டர உசுரோட உடமாட்டேன்" என்று நீ உன் அம்மாவிடம் சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த எனக்குக் கேட்டது. சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிற ஆள் இல்லை நீ. அதை நம் ஊர் ஆஸ்பத்திரியில் எல்லாருமே பார்த்துவிட்டோம்.

அன்றைக்கு ஸ்கேன் படத்தைத் திரையில் போட்டுவிட்டு அந்த டாக்டர் கிட்டே குனிந்து பார்த்தார். "இது இன்னும் உள்ளதான் இருக்கா?" என்று அவருக்கு அவரே கேட்டுக்கொண்டார். பிறகு நம்மைப் பார்த்து, "நீங்கதானங்க எடுத்தாச்சுன்னு சொன்னீங்க?" என்றார். அவ்வளவுதான். மேசைக்கு மேலே பாய்ந்து நீ அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாய். "எவன்டா சொன்னான்? எந்த நாயி சொன்னான்? ஆளக் காட்றா!" என்று கத்தினாய். அவர் மூக்குக்கண்ணாடி விழுந்து உன் செருப்புக்கடியில் நொறுங்கியது. தடுக்க வந்த பையனை அறைந்தாய். கதவுக் கண்ணாடியில் குத்தினாய், அது உடைந்து உன் முழங்கை வரை கிழித்தது. அந்த ரத்தத்தைப் பார்த்ததும் உனக்கு வெறி இன்னும் ஏறிவிட்டது. நாற்காலியைத் தூக்கி வீசினாய். அது டாக்டர் மேல் படவில்லை. ஓடி வந்த நர்சம்மாவின் புருவத்தில் பட்டது. அந்த அம்மா சத்தம்கூடப் போடாமல் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்ததை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். போலீஸ் வந்தது, டாக்டர் புகார் கொடுத்தார். கொடுக்கத்தானே செய்வார்? இப்போது நீ ஜாமீனில் வெளியே இருக்கிறாய், உன் கையிலும் தையல், அந்த அம்மா புருவத்திலும் தையல்.

ஆளைக் காட்டு என்று கேட்டாய் இல்லையா? நான் காட்டுகிறேன். அதற்குமுன் ஒரு காரியம் செய். உன் அம்மா அங்கேதான் எங்கேயாவது உட்கார்ந்து கண்ணை மூடிச் சாமி கும்பிட்டுக்கொண்டிருப்பாள். அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவை. அவளுக்கு இதெல்லாம் தெரியும், நான் சொல்லிவிட்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மேலே படி. கிண்டலுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே பிடித்துக்கொள்.

ஏழுமலை என்னை அடித்த கதை உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சில வருஷத்துக்கு முன்னால் அது நடந்தபோது நீ கூட இல்லை. அன்றைக்குப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காகப் பொழுது சாய்வதற்குள் போலீஸ் வண்டிகளை ஓரங்கட்டிவிடும் என்று ஆட்டோ ஸ்டாண்டில் எல்லாருக்கும் அவசரம். வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தி பெரிய மூட்டையோடு வந்து ரமணாசிரமம் பக்கம் தன் அறைக்குப் போக வேண்டும் என்றாள். வரிசையில் முதல் வண்டி என்னுடையது. நாலாவது வண்டிக்கார ஏழுமலை அவள் மூட்டையைப் பிடுங்கித் தன் வண்டியில் போட்டான். "ஏன்டா, வரிசைன்னு ஒண்ணு கீதா இல்லியா?" என்று கேட்டேன். "நீ இன்னா ஸ்டாண்ட வாங்கிட்டியா?" என்றான். அறைந்தேன். நான்தான் முதலில் கை வைத்தேன், அதை ஸ்டாண்டே பார்த்தது. அவன் குனிந்து சீட்டுக்கு அடியிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்தான். முதல் அடி தொடையில். எலும்பு முறிந்த சத்தம் முதலில் கேட்டது, வலி அதற்கப்புறம்தான் வந்தது. கரும்பை முழங்காலில் வைத்து முறிப்போமே, அந்தச் சத்தம். கீழே விழுந்த பிறகு இரண்டாவது அடி, தலையில். அந்தப் பெண்மணி வீறிட்டுக் கத்தினாள், கூட நின்றவர்கள் அவனைப் பிடித்து இழுத்தார்கள், என் வாய்க்குள் ரத்தமும் மண்ணுமாக இருந்தது. அதற்கப்புறம் ஆஸ்பத்திரி மின்விசிறிதான் ஞாபகம்.

தொடையில் கம்பி வைத்துக் கட்டினார்கள். தலைக்குள் ரத்தக் கசிவு, அதனால் ஆடாமல் அசையாமல் கிடக்க வேண்டும். கிடந்து கிடந்து கால் வீங்கியது. காலில் ரத்தம் உறைந்து கட்டியாகிவிட்டது, அது பிய்த்துக்கொண்டு மேலே ஏறி நுரையீரலை அடைத்தால் ஆள் அவுட் என்றார்கள். ரத்தத்தை இளக்கும் மருந்து கொடுக்கலாம், ஆனால் கொடுத்தால் தலைக்குள் கசிவு கூடிவிடும். இரண்டு பக்கமும் சாவு. அப்போதுதான் சென்னையிலிருந்து வந்து போகிற ஒரு டாக்டர், வயிற்றுக்குப் பின்னால் ஓடுகிற பெரிய ரத்தக்குழாயில் ஃபில்டர் ஒன்று வைக்கலாம் என்றார். உன் அம்மா காபி ஃபில்டரை நினைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தாள். அவர் சிரித்துவிட்டு, "குடை மாதிரிம்மா. துணி இல்லாத குடை, கம்பி மட்டும் இருக்கும். கட்டி மேல வந்தா அதுல மாட்டிக்கும்" என்றார். வைத்தார்கள். மாட்டவும் செய்தது. அந்தக் கம்பியில் ஒரு கட்டி வந்து சிக்கி நின்றதைப் படத்தில் காட்டினார்கள். அது இல்லாவிட்டால் அன்றைக்கே உனக்கு அப்பன் இல்லை. இதை நீ மறந்துவிட்டாய், நான் மறக்கவில்லை.

வைத்தவர் போகும்போது, "தலை சரியாகி மாத்திரை ஆரம்பிச்சதும் சில மாசத்துல வந்து எடுத்துக்கணும். மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். உன் அம்மா "சரிங்க சார்" என்றாள். நானும் தலையாட்டினேன். யோசித்துப் பார், அந்த நாட்களில் நம் காதில் விழுந்த சொல்லே அது ஒன்றுதான். எக்ஸ்ரே எடுக்கணும், ரத்தம் எடுக்கணும், ஈசிஜி எடுக்கணும், ஸ்கேன் எடுக்கணும், மாத்திரை எடுத்துக்கணும். எடுத்தாச்சா, எடுத்தாச்சு. உள்ளே வைத்த ஒன்றை வெளியே எடுப்பதும் எடுப்பதுதான் என்று நம் மூன்று பேரில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. ஃபில்டருக்கும் ஏதோ படம் எடுப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டோம்.

அப்புறம் அந்த மறுபரிசோதனை நாள். நான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நீ அப்போது காலேஜில் கடைசி வருஷம். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன், அக்குளில் சற்று முன் கீழ்த்தளத்தில் எடுத்த என் கால் எக்ஸ்ரே. ஏழுமலை ஜெயிலிலிருந்து வெளியே வந்துவிட்டான் என்று உனக்குத் தகவல் வந்திருந்தது. அவன் எந்தக் கடையில் டீ குடிக்கிறான், எத்தனை பேர் வர வேண்டும் என்று நீ உன் கூட்டாளிகளிடம் பேசிக்கொண்டிருந்தாய். "இன்னிக்கு அவன் கைய ஒடைக்காம நான் சோறு துன்ன மாட்டேன்டா" என்று நீ சொன்ன அதே நேரத்தில்தான் அந்த நர்சம்மா கேட்டார்கள்: "ஃபில்டர் எடுத்துட்டீங்களா?"

"ஆங், எடுத்தாச்சு எடுத்தாச்சு" என்று போனை நகர்த்தாமலே சொல்லி, எக்ஸ்ரே கவரை மேசைமேல் அடித்தாய்.

அந்த அம்மா விட்டுவிடவில்லை. "எங்க எடுத்தீங்க?" என்று இன்னொரு தடவை கேட்டார்கள்.

"இங்கதாம்மா, கீழ" என்றாய்.

கீழே எக்ஸ்ரே அறையும் இருந்தது, ஆபரேஷன் அறையும் இருந்தது. அவர்கள் எழுதிக்கொண்டார்கள். நீ போனுக்குத் திரும்பிவிட்டாய். அந்த ஆள் நீதான் கார்த்தி. உன் பக்கத்தில் நின்று, படத்தைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துத் தலையை ஆட்டியவன் நான். ஸ்கேனைப் போட்டுவிட்டு டாக்டர் நம்மைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்ன உடனே எனக்கு எல்லாம் திரும்பி வந்தது. நிறுத்துடா என்று கத்தினேன். மூச்சு இல்லை, குரல் வெளியே வரவில்லை. அதற்குள் கண்ணாடி உடைந்துவிட்டது. நீ நாற்காலி வீசிப் புருவத்தைப் பிளந்தாயே, அதே நர்சம்மாதான் அன்றைக்கு உன்னிடம் இரண்டு தடவை கேட்டவர்கள்.

இதை இத்தனை வாரமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். கத்தி உன்னிடம் இருக்கும்வரை சொல்லக் கூடாது என்று இருந்தேன் என்று சொன்னால் அது பொய், கத்தியை நேற்றுத்தான் பார்த்தேன். ஆனால் உன்னை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். நீ சின்னவனாக இருந்தபோது கேட்டைச் சாத்தாமல் வந்ததால் நம் நாய் கருப்பன் ரோட்டுக்கு ஓடி லாரியில் அடிபட்டானே, ஞாபகம் இருக்கிறதா? லாரிக்காரனைக் கல்லால் அடிக்க ஓடினாய். "கேட்ட நீதானடா தொறந்து போட்ட" என்று யாரோ சொன்னார்கள். உடனே திரும்பி வந்து வீட்டுச் சுவரில் உன் தலையை மோத ஆரம்பித்தாய். நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்குகிறது, நீ நிறுத்தவில்லை. உன்னை இழுத்து நிறுத்த எங்களால் முடியவில்லை. உன் அம்மா கடைசியில் சுவருக்கும் உன் தலைக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்தாள். நீ அவள் கைமேல் மோதினாய். அவள் விரல் வீங்கி நகம் கறுத்துப் பிறகு விழுந்தது. அப்போதுதான் நிறுத்தினாய். உன் கோபத்துக்கு வெளியே ஆள் கிடைக்காவிட்டால் அது உன்னையே தின்னும். அதனால்தான் அவள் கையைப் பிடித்துக்கொள் என்றேன். இன்னும் பிடித்திருக்கிறாய் அல்லவா? விடாதே.

நீ என்னைக் கொன்றுவிட்டதாக நான் சொல்ல வரவில்லை. அப்படி நினைத்தாயானால் நான் பிழைத்து வந்து உன்னை மிதிப்பேன். ஒரு சொல்லை நீ ஒரு மாதிரி கேட்டாய், அந்த அம்மா ஒரு மாதிரி கேட்டார்கள், நான் தலையை ஆட்டினேன். டாக்டர் மேலும் தப்பு இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். வாய்ச்சொல்லை நம்பாமல் வயிற்றை ஒரு படம் எடுத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அதை நினைத்தால் எனக்கும் அவரை ஓங்கி ஒன்று விட வேண்டும் போல்தான் இருக்கிறது. ஊருக்குத் திரும்பியதும் வக்கீலைப் பார், கேள்வி கேள், சத்தமாகவே கேள். வாயால் கேள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த மறுபரிசோதனை நாள் சாயங்காலம் நீ சட்டையெல்லாம் ரத்தமாக வந்தாய். ஏழுமலையின் கையை ஒடித்து, அவன் வண்டிக் கண்ணாடியை அடித்து நொறுக்கிவிட்டு வந்திருந்தாய். உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. என் மகன் எனக்காக அடித்தான் என்று இன்னொரு டீ கேட்டு வாங்கிக் குடித்தேன். நாம் ஜெயித்துவிட்டோம் என்று இரண்டு பேருமே நினைத்தோம். அந்த நேரத்தில் என் வயிற்றுக்குள் அந்தக் கம்பி, எடுக்க வேண்டியவர்கள் எல்லாரும் எடுத்தாச்சு என்று நம்பிவிட்ட கம்பி, சும்மா உட்கார்ந்திருந்தது.

காற்றில் குடை திரும்பிக்கொண்டால் கம்பி வெளியே நீட்டிக்கொண்டு கண்ணைக் குத்துமே, உள்ளே அதுதான் நடந்திருக்கிறது. குடை சாய்ந்து, அதன் கால்கள் ரத்தக்குழாயைத் துளைத்து வெளியே வந்துவிட்டன. ஒன்று முதுகெலும்பை உரசுகிறது, இன்னொன்று குடல் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. முதுகு வலித்தபோது ரோடு சரியில்லை என்று ரோட்டைத் திட்டினேன். வண்டியை ஸ்டார்ட் பண்ணக் குனிந்தால் வயிற்றில் ஊசியை வைத்துத் திருகுகிற மாதிரி வலிக்கும், வாயு என்று பூண்டு தின்றேன். செங்கம் ரோட்டில் சவாரியோடு போகும்போதுதான் நெஞ்சில் ஒரு குத்து, கண் இருட்டியது. வண்டியை ஓரமாக நிறுத்தியது மட்டும்தான் தெரியும், அதற்கப்புறம்தான் அந்த ஸ்கேன். குடையின் ஒடிந்த கால் ஒன்று ரத்தத்தோடு ஓடிப்போய் இதயத்தில் ஏறியது அப்போதுதானா, அதற்கு முன்பேவா என்று அவர்களுக்கே தெரியவில்லை. ஏழுமலை இரண்டே அடி அடித்துவிட்டு நிறுத்தினான். இது வருஷக்கணக்காக உள்ளே இருந்து குத்தியிருக்கிறது.

அந்த ஏழுமலை இப்போது அதே ஸ்டாண்டில் எனக்குப் பின்னால் வண்டியைப் போடுகிறான். இரண்டு பக்கக் கேஸையும் பெரியவர்கள் பேசி முடித்துவைத்தார்கள். அவன் முகத்தைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குத் தொடை வலிக்கும், மழைக்காலத்தில் அவனுக்குக் கை வலிக்கும். எனக்கு அவனைப் பிடிக்காது. ஆனால் என் வண்டியை அவன் முந்துவதில்லை. அவ்வளவு போதும் என்று வாழப் பழகிவிட்டேன். எல்லாரையும் மன்னிக்க வேண்டும் என்று நான் உனக்கு உபதேசம் செய்யவில்லை. எனக்கே அது வராது. பிடிக்காதவனோடு ஒரே ரோட்டில் வண்டி ஓட்டத் தெரிந்தால் போதும் என்கிறேன்.

கீழ்பென்னாத்தூரில் உனக்குப் பேசி வைத்திருக்கிற பெண்ணின் அப்பா போன வாரம் போன் செய்தார். எடுத்த எடுப்பில், "இன்னாங்க சம்மந்தி, எடுத்தாச்சா?" என்றார். எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. எப்போதும் உடனே பதில் சொல்கிற நான் அன்றைக்கு முதல் தடவையாக, "என்னாத்தங்க?" என்று கேட்டேன். "கல்யாணத் துணிதாங்க, வேற இன்னா?" என்று சிரித்தார். அப்புறம் ஆஸ்பத்திரிச் சண்டையைக் கேள்விப்பட்டதாக இழுத்தார். "பையன் கோவக்காரனாங்க?" என்றார். பெண்ணைப் பெற்றவர், கேட்கத்தான் செய்வார். கோபக்காரன்தான், அவன் அப்பனுக்கு அதில் பாதிப் பங்கு உண்டு, ஆனால் பெண்ணை அடிக்கிற கை இல்லை என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்றைக்கெல்லாம் அந்த நர்சம்மாவின் புருவம்தான் கண் முன்னால் நின்றது. அந்த அம்மாவும் ஒருத்தர் பெண்தானே என்று நினைத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. ஊருக்குப் போனதும் முதலில் அவர்களைப் போய்ப் பார். அவர்கள் என்ன சொன்னாலும் நின்று கேள். திட்டினாலும் பாதியில் குறுக்கே பேசாதே.

உனக்கு நான் கொடுக்க வீடு தவிர வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. புத்தி சொல்ல ஒன்றே ஒன்று இருக்கிறது. எவனாவது உன்னிடம் எதையாவது கேட்டால் போனை இறக்கி வை. கேள்வி முடியும்வரை இரு. புரியாவிட்டால் எதைக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேள். கோபமாக இருக்கும்போது கண்டிப்பாகக் கேள், ஏனென்றால் அப்போது நமக்குக் காது வேலை செய்யாது. நம் பரம்பரையிலேயே கை வேகம், காது மந்தம். உன் பிள்ளைக்காவது அது இல்லாமல் போகட்டும்.

கார் சத்தம் கேட்கிறது, நீ வந்துவிட்டாய் போல. சீக்கிரம் முடிக்கிறேன்.

அந்தக் கதவு திறக்கும். பச்சை உடுப்போடு ஒருவர் வெளியே வந்து, முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டு, என் பெயரைச் சொல்லி யார் என்று கேட்பார். பக்கத்தில் வந்து "எடுத்தாச்சு" என்பார். உடனே அவர் காலில் விழாதே. என்னாத்த எடுத்தீங்க சார் என்று கேள். வயிற்றில் இருந்ததையா, நெஞ்சில் இருந்ததையா, இரண்டையுமா, எங்கேயாவது துணுக்கு நின்றுவிட்டதா என்று கேள். அவர் சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு நில்.

ஒருவேளை அவர் அந்தச் சொல்லைச் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாரானால், அவரையும் தொடாதே, நம் ஊர் டாக்டரையும் தேடிப் போகாதே, சுவரையும் தேடாதே. சொந்தக்காரர்கள், ஸ்டாண்டு ஆட்கள், எல்லாரும் போன் போட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "எப்பப்பா எடுக்கறீங்க?" என்பார்கள். அது என்னைக் கேட்பது. நேரத்தைச் சரியாகக் கேட்டுக்கொண்டு சரியாகச் சொல். ஏழுமலை வந்தால் வரட்டும், ஒரு பக்கம் தோள் கொடுக்கிறேன் என்றால் கொடுக்கட்டும்.

இரண்டில் எது நடந்தாலும் என்னைத் தூக்க ஆள் வேண்டும். கட்டிலிலிருந்து பாத்ரூமுக்கோ, வாசலிலிருந்து சுடுகாட்டுக்கோ, நீதான் தூக்க வேண்டும். ரெண்டு கையும் காலியா வச்சிருடா.

அப்பா